ராஜிநாமா செய்தவள்

விழுப்புரம்
18-8-1941

அண்ணன் தேவநாதனுக்கு ருக்கு எழுதுவது.

க்ஷேம விசாரணைக்கு இந்தக் கடிதத்தில் இடம் இல்லை. நான் பெண்கள் விடுதியின் சமையல்கட்டில் கிடக்கிறேன். நீங்கள் திண்டிவனத்தில் உப்பு ஆபீசும் புது அண்ணியுமாக நன்றாகத்தான் இருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று சந்தையில் குப்பம்மாளைப் பார்த்தேன். மரக்காணத்துக் குப்பத்தில் என் புருஷன் மாயவன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி, உங்களுக்குத் தெரிந்தவள்தான். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் தாடையைப் பிடித்தாள். "உன் பொண்ணு அம்சாவுக்குத் தை மாசம் கல்யாணமாமே ருக்கு. கொளஞ்சியோட தம்பி பெரியசாமிக்குத் தர்றாங்களாம். நீகூட சம்மதம்னு சொல்லி அனுப்பிட்டியாமே, நெஜமாவா?" என்றாள்.

பெரியசாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அம்சாவுக்குப் பதினாலு. கொளஞ்சியை இரண்டாந்தாரமாகக் கொண்டுவந்து நடுவீட்டில் உட்கார வைத்தான் மாயவன் என்று நான் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்சாவுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் யாரிடம் சம்மதம் சொன்னேன்? யார் என்னைக் கேட்டார்கள்? அது கிடக்கட்டும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. என் சம்மதம் அவர்களுக்கு எதற்கு?

எட்டு வருஷத்துக்கு முன் திண்டிவனம் முன்சீப் கோர்ட்டிலிருந்து வந்து நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "ராஜிநாமா ஆயிடுச்சு ருக்கு. இனிமே புள்ள அவங்களுது. மறந்துட்டு வேலையப் பாரு" என்றீர்கள். ராஜிநாமா என்றால் எனக்கு என்ன தெரியும்? அதற்கு முந்தின வருஷம் நம் ஊர் மணியக்காரர் காங்கிரஸில் சேர்ந்து ராஜிநாமா செய்தார். வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். நானும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். தாயார் உத்தியோகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள். தெருவிலும் அதைத்தான் சொன்னார்கள். குழாயடியில் என் காதுபடவே "புள்ளைய ராஜிநாமா பண்ணவ வர்றா பாரு" என்றார்கள். நீங்களும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

ராஜிநாமா செய்த மணியக்காரரிடம் யாராவது போய்க் கையெழுத்துக் கேட்பார்களா? என்னிடம் மட்டும் சம்மதம் ஏன் வேண்டியிருக்கிறது?

அந்தக் கேஸின் நம்பரையும் வருஷத்தையும் எழுதி அனுப்புங்கள். காகிதம் இருந்தால் காகிதத்தையே அனுப்புங்கள். யாரையும் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டிய நிலைமை இப்போது எனக்கு இல்லை. இந்த விடுதிப் பெண்களோடு உட்கார்ந்து நானும் படித்துவிட்டேன். இந்தக் கடிதமும் என் கையெழுத்துதான்.

ருக்கு


வேலும் மயிலும் துணை

திண்டிவனம்
விஷு வருஷம், ஆவணி 9

சௌபாக்கியவதி தங்கை ருக்குவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். முருகன் கிருபையால் இவ்விடம் அனைவரும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுவதுதான் பெரியவர்களுக்கு அழகு. நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது சந்தோஷம். கற்றுக்கொண்ட எழுத்தை முதன்முதலாக யார் மேல் வீசுவது என்று மட்டும் யாரும் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

மேற்படி கேஸ் சம்பந்தமான காகிதங்கள் பரணில் இருந்தன. செல்லரித்துப் போய்விட்டன. நம்பர் எனக்கு ஞாபகம் இல்லை. கோர்ட்டிலும் அந்தக் காலத்துக் கட்டுகளை எல்லாம் கொளுத்திவிட்டார்கள் என்று கேள்வி. இருந்தாலும் ஒரு பெண்பிள்ளை போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் உன்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் மிச்சம்.

அந்தக் கேஸை நாம் போட்டபோது அலைந்தவன் நான். இப்போது போய்ச் சேர்ந்துவிட்ட உன் அண்ணி அஞ்சம்மாள் அப்போது பிள்ளை பெற்றுப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நான் ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வக்கீல் வீட்டு வாசலில் நின்றேன். அதை எல்லாம் நீ மறந்துவிட்டாய். குப்பம்மாள் சொன்னது மட்டும் உனக்கு வேதவாக்கு.

கல்யாண விஷயம்: மாயவன் என்னைக் கேட்டது உண்மை. பெண்ணுக்குத் தாய்மாமன் நான். கேட்கவேண்டியது முறை, கேட்டான். தாய்மாமன் சொன்னால் தாய் சொன்ன மாதிரிதான். பெரியசாமிக்குச் சொந்தப் படகு, வலை, ஓட்டு வீடு எல்லாம் இருக்கிறது. வயதைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

பேசாமல் உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு.

தேவநாதன்


விழுப்புரம்
13-9-1941

அண்ணனுக்கு,

நேற்று நான் திண்டிவனத்தில் இருந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டு வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. உள்ளே வரவில்லை.

பெண்பிள்ளை போனால் கொடுக்கமாட்டார்கள் என்று எழுதினீர்களே, அது பொய். கேஸில் கட்சிக்காரராக இருந்தவர் யாரானாலும் நகல் கேட்கலாமாம், ஆணென்ன பெண்ணென்ன. இதை எனக்குச் சொன்னவர் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் மனு எழுதுகிற விருத்தாசலம் என்கிற ஆள். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "கேஸ் நம்பர் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "நம்பர் இல்லன்னா வருஷம் வேணும். வாதி பேரு, பிரதிவாதி பேரு வேணும். தேடச் சொல்லி முதல்ல ஒரு மனு. கெடைச்சப்புறம் நகலுக்கு இன்னொரு மனு" என்றார்.

வருஷம் 1933 என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அண்ணி மூன்றாவது பிள்ளை பெற்ற வருஷம். "வாதி யாரு?" என்றார். "நாங்கதான் போட்டோம், ருக்கு, தகப்பன் பேர் தாண்டவராயன்" என்றேன். நீங்கள்தான் நாம் போட்ட கேஸ், நாம் போட்ட கேஸ் என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே.

முத்திரை வில்லை ஒட்டி மனுவைக் கொடுத்துவிட்டுப் பகல் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒருவன் பாகப்பிரிவினை, ஒருத்தி ஜீவனாம்சம், ஒரு கிழவருக்கு வரப்புத் தகராறு. டவாலி போட்ட சேவகர்கள் சம்மன் காகிதங்களைக் கத்தையாக எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். சாயங்காலம் ரிக்கார்டு ரூம் குமாஸ்தா வெளியே வந்து என் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"உன் பேர்ல அந்த வருஷம் ஒரு கேசும் இல்லம்மா. முன்னயும் பின்னயும்கூடப் பாத்துட்டேன்" என்றார்.

"கொளுத்திட்டாங்களாமே?" என்றேன்.

"ஒதவாத காகிதத்தத்தான் கொளுத்துவோம். தீர்ப்ப யாரும் கொளுத்த மாட்டாங்க. கேசுன்னு ஒண்ணு இருந்திருந்தா அட்டவணையில பேரு இருக்கும். உன் பேரு இல்ல. வேற வழி?" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

ஆக, கேஸே இல்லை. அப்படியானால் எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் வக்கீல் குமாஸ்தாவோடு வந்து, "இதுல கையெழுத்துப் போடு" என்று என் முன்னால் நீட்டினீர்களே, அது என்ன காகிதம்? அப்போது எனக்கு என் பேரை எழுத மட்டும்தான் தெரியும். எழுதினேன். கேஸே போடாமல் என் பிள்ளையை எங்கே கொண்டுபோய் எழுதி வைத்தீர்கள்? யாரிடம்?

பதில் வேண்டும். க்ஷேமம் வேண்டாம்.

ருக்கு


வேலும் மயிலும் துணை

திண்டிவனம்
புரட்டாசி 6

ருக்குவுக்கு,

கோர்ட்டில் இல்லை என்று நான் முன்னமே எழுதினேன். நம்பவில்லை. இப்போது குமாஸ்தாவே சொல்லிவிட்டார். இனிமேலாவது திருப்தியா? திருப்தி இல்லை என்றால் கடலூர் ஜில்லாக் கோர்ட்டுக்குப் போய்த் தேடு. அங்கேயும் இல்லை என்றால் சென்னப்பட்டணத்துக்குப் போ. ரயில்தான் விழுப்புரத்திலிருந்து எல்லாத் திசைக்கும் போகிறதே.

என் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாயாம். உள்ளே வரவில்லையாம். அதைப் பெருமையாக வேறு எழுதுகிறாய். மறுநாள் எங்கள் ஆபீசில் சீனுவாசன் என்னைக் கேட்கிறான்: "என்னா சார், உங்க தங்கச்சி கோர்ட்டு வராந்தாவுல குந்திக்கினு இருந்தாங்களாமே, எதுனா பேஜாரா?" நான் எங்கே முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது? பிறந்த வீட்டு மானத்தை வாங்க ஒரு பெண் போதும்.

அம்சாவின் கல்யாணத்துக்கு நீ வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வந்து, தூர நின்று அட்சதை போட்டுவிட்டுப் போகலாம். அதற்கு நான் மாயவனிடம் சொல்லி ஏற்பாடு செய்கிறேன். அதற்குமேல் ஆசைப்படாதே.

தேவநாதன்


விழுப்புரம்
26-10-1941

தேவநாதனுக்கு,

'அண்ணன்' என்று எழுதக் கை வரவில்லை. 'நீங்கள்' என்றும் வராது.

கேஸ் கிடைத்துவிட்டது. நகல் என் மடியில் இருக்கிறது.

எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா? அன்றைக்குத் திண்டிவனத்திலிருந்து ரயிலில் திரும்பி வரும்போது அந்த டவாலிச் சேவகர்களே கண்ணில் நின்றார்கள். உனக்குக் கடிதம் போட்ட பிறகுதான் பளிச்சென்று பட்டது. 1933-இல் அப்படி ஒருவர் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து போய்க் காகிதம் வாங்கி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். "யாரண்ணா?" என்றதற்கு "ஆபீசு ஆளு" என்றாய். நாம் போட்ட கேஸ் என்றால் சம்மன் மாயவன் வீட்டுக்கல்லவா போகவேண்டும்? நம் வீட்டுக்கு ஏன் வந்தது?

தீபாவளிக்கு முன்னால் மறுபடி விருத்தாசலத்திடம் போனேன். "ஐயா, நான் வாதி இல்ல போலருக்கு. பிரதிவாதி போலருக்கு. மாயவன் பேர்ல தேடச் சொல்லுங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அட்டவணையே வாதி பேருக்குத்தானே. பிரதிவாதி பேர்ல தேடுனா ஜென்மத்துக்கும் கெடைக்காது" என்றார். குமாஸ்தா உள்ளே போய் நான் ஒரு குவளை தண்ணீர் குடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் யார் என்று நீ எனக்குச் சொல்லாததுதான் இத்தனை அலைச்சலுக்கும் காரணம்.

மாயவன்தான் கேஸ் போட்டிருக்கிறான், பெண்டாட்டி சேர்ந்து வாழ வரவேண்டும் என்று. தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. அதோடு சேர்ந்த ராஜிநாமா தமிழில் இருந்தது. அதை நானே படித்தேன், கோர்ட்டு வாசலிலேயே, நின்றுகொண்டே. நீ மறந்திருப்பாய், எழுதுகிறேன்:

"வாதி பிரதிவாதியைச் சேர்ந்து வாழும்படி கேட்கும் பாத்தியத்தை விட்டுவிடுகிறார். மைனர் பெண் அம்சா வாதியிடம் வளர வேண்டியது. பிரதி மாதம் கிருத்திகையன்று மயிலம் மலைக்கோயில் மண்டபத்தில் வாதி மேற்படி மைனரைப் பிரதிவாதிக்குக் காட்ட வேண்டியது. மேற்படி மைனரின் விவாகத்தைப் பிரதிவாதியின் சம்மதமின்றி நிச்சயிக்கக் கூடாது."

கீழே என் பேர். நீ நீட்டினாயே, அதே காகிதம்.

எனக்குப் புரியவில்லை. விருத்தாசலத்தைக் கேட்டேன், "ராஜிநாமான்னா புள்ள வேணாம்னு எழுதிக் குடுக்கறது இல்லையா?" என்று. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வேலைய வுடறதுக்கும் அதே பேருதாம்மா. கோர்ட்டுல அது வேற. ரெண்டு கட்சியும் ராஜியாப் போயி, பேசி முடிச்சிக்கறதுக்குப் பேரு ராஜிநாமா. நீ எதயும் வுடலியே. மாசாமாசம் பாக்கலாம்னுதானே எழுதியிருக்கு" என்றார்.

மாசாமாசம் பார்க்கலாம்! எட்டு வருஷத்துக் கிருத்திகை!

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. உன்னை நினைத்ததும் அழுகை உள்ளேயே வற்றிப்போயிற்று.

மாயவன் ஒரு மாசமாவது பிள்ளையைக் கூட்டி வந்திருப்பானா என்று குப்பம்மாளைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். அவள் வாயைப் பிளந்தாள். "என்னா இப்புடிக் கேக்கற? ஒரு கிருத்திககூட வுடாம கூட்டிக்கினு போறாரே. உங்க அண்ணன்தானே வந்து பாத்துட்டு, பொரி வாங்கிக் குடுத்துட்டுப் போறாரு? நீதான் வரமாட்டேன்னுட்டியாமே. எங்க குப்பமே உன்னத் திட்டும்" என்றாள்.

மாயவன் என்னை அடித்தவன். சக்களத்தியைக் கூட்டிவந்து எனக்குச் சோறு போடச் சொன்னவன். அவன் ஒருநாளும் நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன்கூடக் கோர்ட்டில் கொடுத்த வார்த்தையை மாசம் தவறாமல் காப்பாற்றியிருக்கிறான். கூடப் பிறந்தவன் நீ என்ன செய்தாய்? கிருத்திகை, கிருத்திகை என்று விரதம் இருந்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு மலைக்குப் போனாயே. நான்தானே உனக்கு வேட்டி துவைத்துக் கொடுத்து அனுப்பினேன்! என் கையால் பொங்கல் கட்டிக் கொடுத்து அனுப்பினேனே, பாவி! அதை என் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, உன் அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று சொன்னாயா?

ஏன் என்று மட்டும் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ருக்கு


திண்டிவனம்
ஐப்பசி 16

ருக்குவுக்கு,

'நீ' என்று எழுதிவிட்டாய். நல்லது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவனுக்கு இது வேண்டும்.

ஏன் என்று கேட்கிறாய். கேட்டுக்கொள். குப்பத்திலிருந்து வந்த அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளுகிட்டத் திரும்ப அனுப்புனா கெணத்துல வுழுந்து சாவேன்" என்று சொன்னவள் யார்? நீ. உன்னைக் காப்பாற்றத்தான் ராஜி பேசினேன். நீ அவனிடம் போகவேண்டாம் என்று கோர்ட்டில் எழுதி வாங்கியவன் நான். அதற்கு எனக்கு ஒரு வார்த்தை நன்றி இல்லை.

பிள்ளையைப் பார்க்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் மாசம் மயிலத்தில் கட்டிக்கொண்டு அழுவாய். இரண்டாம் மாசம் அது "வாம்மா" என்று கையைப் பிடித்து இழுக்கும். மூன்றாம் மாசம் நீ குப்பத்தில் கொளஞ்சிக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

அப்புறம் என் வீட்டைப் பார். அஞ்சம்மாள் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள். நீ போயிருந்தால் அவைகளுக்கு யார் சோறு போட்டிருப்பார்கள்? உனக்கு ஒரு பிள்ளை. எனக்கு மூன்று. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆமாம், மறைத்தேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் மறைப்பேன். அஞ்சம்மாள் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்பாய். சொல்லியிருந்தால் நீ என்ன எழுதியிருப்பாய் என்று இந்தக் கடிதத்திலேயே தெரிகிறதே.

நான் சும்மா இருக்கவில்லை. மழை, காய்ச்சல் எதையும் பார்க்காமல் மாசாமாசம் மலை ஏறினேன். முதல் தடவை அந்தக் குழந்தை "அம்மா எங்க" என்று மண்டபத்தில் புரண்டு அழுதது. நான்தான் தூக்கிச் சமாதானம் செய்தேன். அதற்கு அம்மை போட்டபோது அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போனவன் நான். அதற்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். என்னைக் கண்டால் ஓடிவரும். பெற்றவள் நீயாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு மனுஷன் என்று ஒருத்தன் உண்டென்றால் அது நான்தான்.

அந்த உரிமையில்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னேன். வரும் பெரிய கிருத்திகையன்று மயிலத்திலேயே நிச்சயத் தாம்பூலம் மாற்றுவதாகப் பேசியாகிவிட்டது. மாயவனுக்கும் பெரியசாமிக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நாலு பேருக்கு முன்னால் என்னை நிறுத்தாதே.

தேவநாதன்


விழுப்புரம்
8-11-1941

வருகிறேன்.

ருக்கு


திண்டிவனம்
கார்த்திகை 12

ருக்கு,

நீ வந்தால் நான் அந்த மலையில் காலை வைக்கமாட்டேன். எனக்கும் உனக்கும் அதோடு முடிந்தது. உனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறாய் என்பதை மட்டும் ஒரு தடவை யோசித்துக்கொள். உன்னிடம் இதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

தேவநாதன்


விழுப்புரம்
5-12-1941

தேவநாதனுக்கு,

சொன்னபடி நீ வரவில்லை. மலையில் எல்லாரும் உன்னைத்தான் தேடினார்கள். நடந்ததை நீ ஊரார் வாயில் கேட்க வேண்டாம். நானே எழுதுகிறேன்.

விடியற்காலை வண்டிக்கே மயிலத்தில் இறங்கி மலை ஏறிவிட்டேன். பெரிய கிருத்திகைக் கூட்டம். காவடி, மொட்டை, தேங்காய்க்கடை என்று நெருக்கித் தள்ளியது. மண்டபத்தின் தூண் ஓரத்தில் அவர்கள் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மாயவனுக்குத் தலை நரைத்துவிட்டது. கொளஞ்சி தாம்பாளத்தில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியசாமி புது வேட்டியில் இருந்தான். நடுவில் பச்சைத் தாவணியில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பெற்ற பிள்ளையை, இதுதானா அது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இதற்கு நீ எந்தக் கோயிலில் போய்ப் பதில் சொல்வாய்?

மாயவன் என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டான். "அம்சா, உங்க அம்மா வந்திருக்கா" என்றான். அவள் தலையைத் தூக்கினாள். ஓடி வரவில்லை. அழவில்லை. அப்பனைப் பார்த்துக் கேட்டாள்: "இவங்கதான் எனக்குப் பெரியசாமி மாமாவக் கட்டச் சொன்னவங்களா?"

எட்டு வருஷம் கழித்து என் மகள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"நான் சொல்லல. யார் வந்து சொன்னாலும் அது பொய்" என்று கத்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நகலை எடுத்துக் கடைசி ஷரத்தை உரக்கப் படித்தேன். "சம்மதம் குடுக்கவேண்டியவ நானு. நான் குடுக்கல. குடுக்கவும் மாட்டேன். மீறித் தாம்பூலம் மாத்துனா நாளைக்கே திண்டிவனம் கோர்ட்டுல மனு போடறேன்" என்றேன்.

மாயவன், "தேவநாதன் வந்து, ருக்கு ஒத்துக்கினான்னு முருகன் சந்நிதியில சத்தியம் பண்ணான். அத நம்பித்தான் பேச்சே எடுத்தேன். அன்னைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கினத நான் மாத்த மாட்டேன்" என்றான். குனிந்து தாம்பாளத்தை எடுத்துக் கொளஞ்சியின் மடியில் வைத்துவிட்டான். கொளஞ்சி என்னைப் பேசிய பேச்சை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. பெரியசாமி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.

கல்யாணம் நின்றுவிட்டது. உனக்கு அது போதும். ஆனால் எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்சா சொன்னாள்: "எனக்கு வேணாம்னு மாமாகிட்ட அழுதேன். மாமாதான், உன்னப் பெத்தவளே சரின்னுட்டா, இனி நான் சொல்லி யாரு கேப்பாங்கன்னாரு." வளர்த்தவன் என்றாயே, மனுஷன் என்றாயே. அந்தப் பெண் உன் காலடியில் வந்து அழுதபோதுகூட என்னைத்தான் முன்னால் நிறுத்தினாய். நான் செய்யாத கொடுமைக்கு என் பேரைச் சொன்னாய். இதை நான் மன்னிக்கமாட்டேன். பெரிய வார்த்தை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன்னைப் பற்றி அவளிடம் என்ன சொன்னேன் என்றுதானே உனக்குக் கவலை? எல்லாவற்றையும் சொன்னேன். சம்மன் வாங்கியது, ராஜிநாமா என்று சொல்லி என்னை மறக்கச் சொன்னது, விரதம் இருந்து என்னிடம் பொங்கல் கட்டி வாங்கிப் போனது எல்லாம். அவள் நகலை என் கையிலிருந்து வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நீ கற்றுக்கொடுத்த எழுத்து உதவியது. படித்து முடித்து மடித்துக் கொடுத்தாள். நான் கடலை வறுத்துச் செய்து கொண்டுபோன மல்லாட்டை உருண்டையைப் பிரிக்கக்கூட இல்லை. அவளைத் தொடவேண்டும் என்று என் கை துடித்தது. தொடவில்லை. பயமாக இருந்தது.

கிளம்பும்போது கொஞ்ச தூரம் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். "அடுத்த கிருத்திகைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள். அந்நிய மனுஷியைக் கேட்கிற மாதிரி, மரியாதையாக. வருவேன் என்றேன். நின்று யோசித்துவிட்டு, "மாமா வருவாரா?" என்றாள்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகும் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நீ வந்தால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். அது எனக்குத் தெரிகிறது, வயிறு எரிகிறது. ஆனாலும், "வரமாட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

நீ வராதே. எந்த மாசமும் வராதே. அந்த ஷரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மைனரைப் பிரதிவாதிக்குக் காட்ட வேண்டியது என்றுதான் எழுதியிருக்கிறது. மாமனுக்கு என்று எழுதவில்லை. பிரதிவாதி நான்.

ருக்கு